கத்தி பட்டால் பரவுமா? தோல் புற்று அறுவை: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. மூக்கோரத்தில் ஆறு மாதமாக ஆறாத ஒரு பரு. பயாப்சியில் பேசல் செல் கார்சினோமா என்று வந்திருக்கிறது. "கத்தி பட்டால் புற்று பரவிவிடும், அப்படியே விட்டுவிடு" என்று சொந்தக்காரர்கள் சொல்ல, அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பதில்: பரவாது. இந்த வகைப் புற்று வேறு உறுப்புக்குத் தாவுவது மிக மிக அரிது. ஆனால் இருக்கிற இடத்தை விடாமல் அரிக்கும். மூக்கோரத்தில் என்றால் தோல், குருத்தெலும்பு, பிறகு கண் குழி என்று உள்ளே போகும். வருடக்கணக்கில் மெதுவாகப் போவதால்தான் 'விட்டுவிடலாம்' என்று தோன்றுகிறது.

இந்தப் பேச்சு எப்படி வந்தது என்பதையும் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்து வெட்டினால் மேலே தோல் மூடி அழகாக ஆறிவிடும். அடியில் விட்டுப்போனது ஒன்றிரண்டு வருடம் கழித்துத் தழும்புக்குக் கீழிருந்து கிளம்பும். பார்க்கிறவர்கள் கத்தி பட்டதால் வந்த வினை என்பார்கள். குறை வெட்டு வெட்டியதால் வந்த வினை அது.

எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது இரண்டு: எவ்வளவு ஓரம் சேர்த்து எடுப்பீர்கள்? ஓரம் சுத்தமா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? 2 செ.மீ.க்கு உட்பட்ட, எல்லை தெளிவாகத் தெரிகிற பேசல் செல் கட்டிக்கு, கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு அப்பால் 4 மி.மீ. நல்ல தோல் சேர்த்து எடுப்பது வழக்கம். ஸ்குவாமஸ் செல் என்ற இன்னொரு தோல் புற்று வகைக்கு 4 முதல் 6 மி.மீ.; ஆபத்து கூடிய கட்டியானால் இன்னும் அதிகம். முதுகில் 4 மி.மீ. ஒரு பொருட்டே இல்லை. மூக்கிலும் இமையோரத்திலும் அது பெரிய இடம். அதோடு மூக்கு, கண், காதைச் சுற்றிய பகுதிகளில்தான் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் வேர் ஓட்டுவதும் அதிகம்.

அங்கேதான் மோஸ் அறுவை கைகொடுக்கிறது. 1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் மோஸ் தொடங்கிய முறை இது. கட்டியை மெல்லிய தட்டு போல எடுத்து, உடனே உறையவைத்துச் சீவி, அடிப்பகுதியும் சுற்றோரமும் முழுமையாக மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். எந்த மூலையில் புற்று மிச்சமோ அந்த மூலையில் மட்டும் அடுத்த தட்டு. ஒரு சுற்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் காத்திருப்புதான் அதிகம். வழக்கமான முறையில் எடுத்த சதையை ரொட்டித் துண்டு போல இடைவெளி விட்டு நறுக்கித்தான் பார்ப்பார்கள். மொத்த ஓரத்தில் 100-ல் ஒரு பங்கு அளவுதான் கண்ணில் படும். பெரும்பாலான கட்டிகளுக்கு அதுவே போதும். மூக்கோரத்துக்கு மோஸ் வசதி எட்டும் தூரத்தில் இருந்தால் அதையே முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: மிளகு அளவு கட்டிதான் இருந்தது. தோளில் 4 செ.மீ.க்குத் தையல் போட்டிருக்கிறார்கள். தேவையில்லாமல் வெட்டிவிட்டார்களா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டி 6 மி.மீ. என்று வையுங்கள். இரண்டு பக்கமும் 4 மி.மீ. சேர்த்தால் அகலம் 14 மி.மீ. வட்டமாக வெட்டி அப்படியே இழுத்துத் தைத்தால் இரண்டு முனையிலும் தோல் கூம்பு போலப் புடைத்து நிற்கும். அதைத் தவிர்க்கத்தான் கண் வடிவத்தில், அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்கு வெட்டுவது. 14-ஐ மூன்றால் பெருக்கினால் 42 மி.மீ. உங்களுக்குச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். இதை முன்கூட்டியே பேனாவால் தோலில் வரைந்து காட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கேள்வி: இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம் ஆகிறது. ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சாப்பிடுகிறேன். நெற்றியில் கட்டி எடுக்க வேண்டும். ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்திவிடட்டுமா? ரத்தம் நிற்காமல் போனால்?

பதில்: நீங்களாக ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம். தோல் அறுவையில் ரத்தம் கசிவது வெளியே தெரியும் இடம். விரல் வைத்து அழுத்தலாம், சூடு வைத்து அடைக்கலாம், தையல் போடலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அழுத்துவதற்கு இடம் ஏது? ஸ்டென்ட், மாரடைப்பு, பக்கவாதம், செயற்கை வால்வு இவற்றுக்காக எழுதிக்கொடுத்த மருந்தைத் தொடர்ந்தபடியே தோல் அறுவை செய்வதுதான் இன்றைய வழக்கம். கசிவும் ரத்தக்கட்டும் சற்றுக் கூடும். அதற்கேற்றபடி அறுவை மருத்துவர் ஒவ்வொரு ரத்தக்குழாயையும் பொறுமையாக அடைப்பார், கட்டை இறுக்கமாகப் போடுவார்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அறுவைக்குச் சில நாள் முன் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்துக்கொள்ள வேண்டும். 3.5-க்குள் இருந்தால் பெரும்பாலும் தயங்காமல் செய்வார்கள். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற புதிய மருந்துகளில் ஒரு வேளையைத் தள்ளிப்போடுவதா வேண்டாமா என்பதை அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவுசெய்யட்டும்.

யாரும் எழுதித்தராமல், மூட்டு வலிக்கு, தலைவலிக்கு என்று கடையில் வாங்கிப் போட்ட ஆஸ்பிரின் வேறு கதை. ரத்தத் தட்டணுக்களின் ஆயுள் 7 முதல் 10 நாள். அதைக் கணக்கிட்டு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு முன்பே நிறுத்தலாம். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டுச் சத்து, ஜின்கோ மாத்திரைகளும் ரத்தத்தை இளக்கும். இவற்றை மருந்துப் பட்டியலில் யாரும் சொல்வதே இல்லை. வீட்டிலுள்ள எல்லா டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போய்விடுங்கள்.

கேள்வி: பல் பிடுங்கும்போது போட்ட மரத்துப்போகும் ஊசியில் நெஞ்சு படபடத்து, கை நடுங்கியது. அலர்ஜி என்று நினைக்கிறேன். தோல் அறுவைக்கும் அதே ஊசிதானாமே?

பதில்: அந்த ஊசியில் இருக்கும் மரப்பு மருந்தான லிக்னோகெய்னுக்கு உண்மையான அலர்ஜி மிக அரிது. ஊசியோடு சேர்ந்த அட்ரினலின்தான் படபடப்பைத் தந்திருக்கும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். இன்னொரு வகை, ஊசியைப் பார்த்ததுமே மயக்கம் வருவது. பிரித்தறிவது எளிது: அட்ரினலின் என்றால் நாடி வேகமாக ஓடும், பயத்தில் வரும் மயக்கத்தில் நாடி தளர்ந்து, வேர்த்துக் கொட்டி, முகம் வெளுக்கும். படுக்கவைத்துச் செய்தால் இரண்டாவது பெரும்பாலும் வராது. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்திருந்தால் மட்டும் அலர்ஜிப் பரிசோதனை தேவை.

அட்ரினலின் எதற்கு? ரத்தக்குழாயைச் சுருக்கிக் கசிவைக் குறைக்கும், மருந்தை அந்த இடத்திலேயே நிறுத்தும். ஊசி போட்டு 10, 15 நிமிடம் காத்திருந்துவிட்டு வெட்டினால்தான் முழுப் பலன். அட்ரினலின் சேர்ந்த லிக்னோகெய்னுக்கு உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 7 மி.கி.; எப்படியும் 500 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. அட்ரினலின் இல்லாததற்கு கிலோவுக்கு 4.5 மி.கி. 60 கிலோ எடையுள்ளவருக்கு அட்ரினலின் சேர்ந்த 1 சதவீத மருந்தில் 42 மி.லி. வரை போகலாம். முகத்தில் ஒரு சிறு கட்டிக்கு அதில் கால்வாசிகூட ஆகாது. ஒரே நாளில் மூன்று நான்கு இடம் எடுக்கும்போதுதான் எண்ணிக்கை வேண்டும். உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, வாயில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம் இருந்தால் மருந்து கூடிவிட்டதற்கு முதல் அறிகுறி. உடனே வாய் திறந்து சொல்லுங்கள். இதற்கு அடுத்த படி வலிப்பு.

ஊசி எரிச்சல் தாங்காதவர்கள், சோடியம் பைகார்பனேட் கலந்து போட முடியுமா என்று கேட்கலாம். 10 பங்குக்கு ஒரு பங்கு கலந்தால் எரிச்சல் நன்றாகக் குறையும்.

கேள்வி: மாமியாருக்குக் கன்னத்தில் அறுவை முடிந்து மதியம் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ராத்திரி எட்டு மணிக்குக் கட்டு நனைந்து ரத்தம் வடிந்தது. பயந்து அவசரப் பிரிவுக்கு ஓடினோம். வீட்டிலேயே ஏதாவது செய்திருக்கலாமா?

பதில்: அந்த நேரம் தற்செயலில்லை. அட்ரினலினின் பிடி சில மணி நேரத்தில் விட்டுப்போகும்; சுருங்கியிருந்த குழாய்கள் திறக்கும். அதனால்தான் கசிவு அன்று மாலையோ இரவோ வருகிறது. தோல் அறுவையில் ரத்தத் தொல்லை பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

செய்ய வேண்டியது இது. நோயாளியைச் சாய்த்து உட்காரவையுங்கள். தலை தாழக் கூடாது. கட்டின் மேலேயே சுத்தமான துணியை நாலாக மடித்து வைத்து, உள்ளங்கையால் அல்ல, இரண்டு மூன்று விரல்களால் தையல் கோட்டின் மேல் அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். நடுவில் எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால், உறையத் தொடங்கிய ரத்தம் ஒவ்வொரு முறையும் துணியோடு பிய்ந்து வரும். 20 நிமிடத்துக்குப் பிறகும் வடிந்தால் இன்னொரு 20 நிமிடம். அதற்கும் மசியவில்லை என்றால் மருத்துவமனை.

வெளியே ரத்தமே வராமல் உள்ளே சேர்வது இதைவிடத் தொல்லை. தையலுக்குக் கீழே தோல் விண்ணென்று இறுகி, ஊதா நிறமாகி, வலி மணிக்கு மணி கூடினால் ரத்தக்கட்டு. உடனே தையலைத் திறந்து வெளியேற்ற வேண்டும். விட்டால் மேல்தோல் ரத்தமின்றிச் செத்துப்போகும், சீழும் பிடிக்கும். கண்ணைச் சுற்றிய அறுவைக்குப் பின் விழி பிதுங்குவது, பார்வை மங்குவது, கண்ணுக்குப் பின்னால் வலி இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. பார்வை நரம்பு இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. (மறுநாள் காலையில் இரண்டு இமையும் வீங்கி மூடிக்கொள்வது மட்டும் நெற்றி, மூக்கு அறுவைக்குப் பின் சகஜம். வலியோ பார்வைக் குறைவோ இல்லாதவரை பயமில்லை.)

முதல் இரண்டு நாள் குனிந்து பெருக்குவது, பாரம் தூக்குவது, மது மூன்றும் வேண்டாம்.

கேள்வி: தையலைச் சுற்றிச் சிவப்பாக இருக்கிறது. ஆன்டிபயாடிக் ஆயின்ட்மென்ட் தடவலாமா?

பதில்: தையல் ஓரத்தில் சில மி.மீ. அகலத்துக்கு இளஞ்சிவப்பு இருப்பது ஆறுவதன் அடையாளம். வலி முதல் நாள் அதிகம், பிறகு இறங்கும். இறங்கிய வலி நாலாம் நாளுக்கு மேல் மறுபடி ஏறினால், சிவப்பு பரவினால், தொட்டால் சுட்டால், சீழ் வந்தால் தொற்று. முழங்காலுக்குக் கீழே, தொடை இடுக்கு, ஒட்டுத்தோல் வைத்த இடம் இவற்றில் இது கூடுதல்.

ஆயின்ட்மென்ட் வேண்டாம். சுத்தமான தையலுக்குச் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியே போதும் என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. நியோமைசின் போன்றவை பலருக்கு அரிப்பும் கொப்புளமுமாக ஒவ்வாமை தரும். அதைத் தொற்று என்று நினைத்து இன்னும் அள்ளித் தடவுவார்கள். முதல் கட்டை 24 முதல் 48 மணி நேரம் நனைக்காமல் வையுங்கள். பிறகு தினமும் ஒரு முறை சோப்புத் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, ஜெல்லி தடவி மூடுங்கள். 'காற்றாட விட்டால் ஆறும்' என்பது சரியில்லை. காய்ந்து பொருக்குக் கட்டினால் அதற்கு அடியில் புதுத் தோல் ஊர்ந்து வர நேரமாகும்.

கேள்வி: பயாப்சி எடுத்த இடம் ஆறிவிட்டது. ஆறு வாரம் கழித்துப் பெரிய மருத்துவமனையில் தேதி கிடைத்திருக்கிறது. "எந்த இடம்?" என்று அவர்கள் கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. முதுகுப் பக்கம் வேறு.

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பியதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். தோல் புற்று அறுவையில் நடக்கக் கூடாத பெரிய பிழை, இடம் மாறி வெட்டுவதுதான். சின்னப் பயாப்சி மூன்று நான்கு வாரத்தில் ஆறி, பக்கத்திலிருக்கும் பழைய தழும்பு, பரு வடுக்களோடு கலந்துவிடும். நோயாளி உறுதியாகக் கைகாட்டும் இடமும் சில நேரம் தப்பாக இருக்கும்.

பயாப்சி எடுக்கும் முன்பே படம் எடுத்திருக்க வேண்டும். கிட்டத்தில் எடுத்த படம் மட்டும் இருந்தால் பயனில்லை. வெறும் தோலும் ஒரு புள்ளியும்தான் தெரியும். இரண்டு படம் வேண்டும்: பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று, காதோ தோள்பட்டையோ முதுகெலும்புக் கோடோ தெரியும்படி தள்ளி நின்று இன்னொன்று. கூடவே இரண்டு அசையாத அடையாளங்களிலிருந்து தூரம். 'கழுத்தடி எலும்பு மேட்டிலிருந்து 11 செ.மீ. கீழே, நடுக்கோட்டிலிருந்து 6 செ.மீ. இடப்பக்கம்' என்று எழுதினால் யார் வந்து அளந்தாலும் ஒரே புள்ளிதான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: பயாப்சி எடுத்தவரிடம் படமும் குறிப்பும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் யாராவது கட்டுப் பிரிக்கும்போது எடுத்த படம் போனில் இருக்கிறதா என்று தேடுங்கள். அறுவை அறையில் மரத்துப்போகும் ஊசி போடும் முன், வட்டமிட்ட இடத்தை இரண்டு கண்ணாடி வைத்தோ போனில் படமெடுத்தோ உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். ஊசி போட்டபின் தோல் வீங்கி வெளுத்து அடையாளம் அழிந்துவிடும். ஒருவேளை யாராலும் இடத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் அன்றைக்கு அறுவையைத் தள்ளிப்போடுவதுதான் நல்ல மருத்துவம்.

கேள்வி: நெற்றிப்பொட்டுப் பக்கம் கட்டி எடுத்தபின் அம்மாவால் வலது புருவத்தைத் தூக்க முடியவில்லை. தலையில் ஒரு பக்கம் உணர்ச்சியும் இல்லை.

பதில்: இரண்டும் வேறு வேறு. உணர்ச்சி இல்லாதது தோலின் சிறு நரம்புகள் வெட்டுப்பட்டதால். மாதக்கணக்கில் எறும்பு ஊர்வது போல இருந்து திரும்பி வரும். ஒரு வருடம்கூட ஆகலாம். சில இடத்தில் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாக நின்றுவிடும்.

புருவம் தூக்கும் நரம்பு முகத் தசை நரம்பின் ஒரு கிளை. காதுத் துளைக்கு முன்னிருக்கும் சிறு மேட்டுக்கு அரை செ.மீ. கீழிருந்து, புருவத்தின் வெளிமுனைக்கு 1.5 செ.மீ. மேல் வரை ஒரு கோடு போட்டால் ஏறக்குறைய அதன் வழி. பொட்டில் தோலுக்கு அடியில் மிக மேலாகவே ஓடுகிறது. அறுவை நடந்த அன்று மட்டும் தூக்க முடியவில்லை என்றால் அது ஊசி மரப்பு, மறுநாள் சரியாகும். அதற்குப் பிறகும் நீடித்தால், நரம்பு கசங்கியிருக்கிறதா அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கசங்கியது சில மாதங்களில் மீளும். மீளாவிட்டால் இறங்கிய புருவத்தைத் தூக்கிவைக்கத் தனி அறுவை உண்டு. கட்டியே நரம்பைச் சுற்றியிருந்து, தெரிந்தே எடுத்தார்களா என்றும் கேளுங்கள். அறுவைக் குறிப்பில் எழுதியிருப்பார்கள்.

இதே போல எச்சரிக்கை வேண்டிய இன்னும் இரண்டு இடம்: தாடை விளிம்பு (உதடு கோணும்), கழுத்தின் பின்பக்கவாட்டு (தோள் தொங்கி, கை தலைக்கு மேல் எழும்பாது). அறுவைக்கு முன்பே புருவத்தைத் தூக்கச் சொல்லி, பல்லைக் காட்டச் சொல்லிப் பார்த்து எழுதிவைக்கும் மருத்துவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

கேள்வி: பேஸ்மேக்கர் இருக்கிறது. சூடு வைக்கும் கருவி ஆபத்தாமே?

பதில்: சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து. மின்சாரம் உடம்பு வழியே பாயாமல் இரண்டு முனைகளுக்கிடையே மட்டும் பாயும் பைபோலார் கருவி, அல்லது வெறும் சூட்டில் இயங்கும் கருவி இருக்கிறது. அதிர்ச்சி கொடுக்கும் வகைக் கருவி நெஞ்சில் இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தவறான சமிக்ஞையில் அது வெடுக்கென்று அடித்துவிடலாம். இன்னொன்று, ஸ்பிரிட் கலந்த கிருமிநாசினி முழுதும் காயாமல் சூடு வைத்தால் தீப்பிடிக்கும். குறைந்தது 3 நிமிடம் காயவிட வேண்டும்; தலைமுடியில் இன்னும் அதிகம்.

கேள்வி: கழுத்தில் எடுத்து மூக்கில் வைத்த ஒட்டுத்தோல் ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்தபோது கருநீலமாக இருந்தது. அழுகிவிட்டதா?

பதில்: பொறுங்கள். வைத்த அன்று வெள்ளை, அடுத்த சில நாள் ஊதா, ஏழாம் நாளை ஒட்டி ரோஸ் நிறம் என்று மாறுவது இயல்பு. முதல் இரண்டு நாள் ஒட்டுத்தோலுக்கு ரத்தக்குழாயே கிடையாது, அடியிலிருந்து ஊறும் நீரில்தான் உயிர் வாழ்கிறது. அசைந்தால் அந்தத் தொடர்பும் அறும். அதற்காகத்தான் மேலே பஞ்சு உருண்டை வைத்துக் கட்டுவது. கன்னங்கரேலென்று கெட்டியானாலும் பல நேரம் மேல் அடுக்கு மட்டும் உதிர்ந்து அடி பிழைத்திருக்கும். அதை உரிக்காதீர்கள். புகைப்பவரானால் நிறுத்துங்கள், ஒட்டுத்தோல் சாவதற்கு முதல் காரணங்களில் அது ஒன்று.

கேள்வி: அண்ணனுக்கு உள்ளங்காலில் மெலனோமா (தோலின் நிறமிச் செல்களில் வரும் புற்று). அறுவையன்று இடுப்போர நெறியும் (நிணநீர் முடிச்சு) எடுத்தார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனது.

பதில்: நெறியைக் கண்டுபிடிக்க ஏற்றிய நீலச் சாயம்தான் அது, ஓரிரு நாளில் தெளியும். அந்தச் சாயம் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியிலும் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அரிதாக ஒவ்வாமையும் வரும் என்பதால்தான் கண்காணிப்பில் வைக்கிறார்கள்.

மெலனோமாவில் ஓரத்தைத் தீர்மானிப்பது அதன் ஆழம். 1 மி.மீ. வரை ஆழமென்றால் 1 செ.மீ. ஓரம், 1 முதல் 2 மி.மீ. வரை 1 முதல் 2 செ.மீ.; அதற்கு மேல் என்றால் 2 செ.மீ. ஓரம். ஆழம் 1 மி.மீ.யைத் தாண்டினால், புற்று பரவினால் முதலில் போய்ச் சேரும் நெறியை எடுத்துப் பார்ப்பதைப் பற்றிப் பேசுவார்கள்; 0.8-லிருந்தே பேசுவதும் உண்டு. அதில் புற்று இருந்தால் முன்பு அந்தப் பகுதி நெறிகள் அனைத்தையும் வழித்து எடுப்பார்கள். 2017-ல் வெளியான பெரிய ஆய்வில், அப்படி எடுத்ததால் ஆயுள் கூடவில்லை. கை கால் வீக்கம் மட்டும் 24 சதவீதத்தினருக்கு வந்தது, ஸ்கேன் பார்த்துக் கண்காணித்தவர்களில் 6 சதவீதம். ஆகவே 'எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்' என்று குடும்பத்தார் வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: தையல் பிரித்து ஒரு மாதமானபின் தழும்பில் பரு போல ஒன்று வந்து, அதில் நூல் தெரிகிறது. புற்று திரும்பிவிட்டதா?

பதில்: உள்ளே போட்ட கரையும் நூலை உடம்பு வெளியே தள்ளுகிறது. மருத்துவரிடம் காட்டினால் நுனியைப் பிடித்து எடுத்துவிடுவார், இரண்டு நாளில் ஆறும். தழும்பில் உருண்டையாகத் தடித்து, மூன்று மாதத்துக்கு மேலும் வளர்ந்துகொண்டே போனாலோ, உரசினால் ரத்தம் வந்தாலோதான் மறுபடி பயாப்சி.